நாற்பத்தெட்டுப் பல்

நேற்று மாலை வலது முன்சக்கரத்துக்குப்
புது டிரைவ்ஷாஃப்ட் மாட்டி அனுப்பிய கரோலா
இன்று ஷட்டர் முழுதாய் ஏறுமுன்னே
வாசலில் நிற்கிறது.
"கடகட சத்தத்தோடு வந்தேன்" என்கிறார் உஸ்தாத் பாபிகிர்,
ஒம்துர்மானில் கணக்கு வாத்தியாராய் இருந்தவர்.
"சத்தத்தை எடுத்துக்கொண்டு
விளக்கைக் கொடுத்துவிட்டாய்."

மூன்று விளக்கு. மஞ்சளில் இரண்டு, சிவப்பில் ஒன்று.
பிரேக் மிதித்தால் பெடல்
காலுக்கடியில் மீனாய்த் துள்ளுகிறதாம்.

ஸ்கேனரைச் செருகினேன்.
வலது முன் சென்சார்: நம்பத்தகாத சிக்னல்.
என்ன மரியாதை பாருங்கள்,
பொய் என்று சொல்லவில்லை.

கோயாக்கா கண்ணாடி அறையிலிருந்து கத்துகிறார்:
சென்சாரை மாத்து, முந்நூறு திர்ஹம் சொல்லு,
இல்லேன்னா மீட்டரைத் திறந்து பல்பைப் பிடுங்கு.

சென்சாரை மல்டிமீட்டர் வைத்துக் கேட்டேன்.
ஒயர் சரி. கிளிப் சரி.
நுனியில் மீசையாய் ஒட்டிய இரும்புத்தூளைத் துடைத்தேன்.
இடது பக்கத்துக்காரனும் அதே எண்ணைத்தான் சொன்னான்.
குற்றமில்லாததைக் கழற்றிப் போட்டு பில் எழுத
எனக்குத் தெரியும்.
ஷார்ஜாவில் பதினோரு வருடம்.
ஐந்தாறு எழுதியிருக்கிறேன்.

அப்புறம்தான் உறைத்தது: ஷாஃப்டின் கழுத்தில் பல்வளையம்.
பழைய ஷாஃப்ட் எங்கே?
பிமல் ஓடினான்.
குல் ஜரீனின் பிக்கப்பில், கிலோ கணக்கில்,
ஏற்கெனவே விற்கப்பட்டுக் கிடந்தது.
மீட்க ஐந்து திர்ஹம், என் பையிலிருந்து.

ஒரு பல்லில் சாக்பீஸால் வெள்ளை வைத்தேன்.
முதலாளியிடம் மலையாளம், பிமலிடம் இந்தி,
வண்டிக்காரரிடம் உடைந்த அரபி.
எண்ண ஆரம்பித்தால் மட்டும்
ஒண்ணு, ரெண்டு, மூணு.
முப்பத்தொண்ணில் ஒரு தண்ணி லாரி ஹாரன் அடித்தது.
போச்சு.
மறுபடி ஒண்ணு.

வாத்தியார் ஜலாபியாவைச் சுருட்டிக்கொண்டு
ஜாக்கியில் நின்ற வண்டியோரம் குந்தினார்.
ஹப்பைச் சுற்றச் சுற்ற
புது வளையத்தை அவர் எண்ணினார், அரபியில்.

என் கையில் நாற்பத்துநாலு.
அவர் வாயில் தமானியா வ அர்பயீன்.
இடம் மாறி எண்ணினோம்.
மொழி மாறியது, தொகை மாறவில்லை.

நாலு பல் கூடுதல்.
மற்ற மூன்று சக்கரமும் நாற்பதில் போகும்போது
இது மட்டும் நாற்பத்துநாலு என்கிறது.
அப்படியென்றால் அவை வழுக்குகின்றன என்று
கம்ப்யூட்டர் பயந்து
காய்ந்த ரோட்டில் பிரேக்கை
விட்டு விட்டுப் பிடிக்கிறது.
சென்சார் என்ன செய்யும்?
முன்னால் ஓடிய பல்லை ஒன்று விடாமல் சொன்னது.

"பத்தில் ஒண்ணு பிழை" என்றேன்.
"பதினொன்றில்" என்று திருத்தினார்.

மறுபடி ஷாஃப்டை உருவினேன். முழங்கை வரை கியர் ஆயில்.
பழைய வளையத்தைத் தட்டி இறக்கி
துருவைத் தேய்த்து
நெருப்பில் காட்டி, சிவக்கும் முன்னே
புதியதன் கழுத்தில் போட்டேன்.
"இதுக்கு என்ன பில்?" கோயாக்கா.
"ஒண்ணுமில்லை. தப்பான ஷாஃப்ட் நாம வாங்கினது."
கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது.
சம்பளத்தன்று திறக்கும்போது தெரியும்.

சாவி போட்டால்
மூன்று விளக்கும் அப்படியே.
வாத்தியார் என் முகத்தைப் பார்க்காமலிருந்தார்.
இது நின்ற இடத்தில் அணையாது, உஸ்தாத்,
ஓடிக் காட்டணும்.

டயர்க் கடைகள் தாண்டி, மணல் ஏறிய சந்தில்
பதினைந்து. பதினெட்டு.
ஸ்பீட் பிரேக்கர்.
திரும்ப ஐந்திலிருந்து.
எதிரே ஒரு ஃபோர்க்லிஃப்ட், கண்ணெல்லாம் அதன் மேல்.
விளக்கு அணைந்ததை நான் பார்க்கவில்லை.
"கலாஸ்" என்றார் அவர்.

ரவுண்டானாவில் அழுத்தினேன்.
பெடல் சத்தமில்லாமல் இறங்கி
நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

திரும்பும் வழியில் கேட்டார்,
அந்த லாரி ஹாரன் அடித்தபோது
நீ சொன்ன எண் என்ன?
முப்பத்தொண்ணு.
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், நாக்கு மடங்கவில்லை.
அதற்கு அடுத்தது?